தீவில் ஒரு கோயில், அதில் நம் அரசமரம்

தில்லியில் மந்திர் மார்க்குக்கு அந்தப் பெயர் பொருத்தமான பெயர். ஆங்கிலேயர் காலத்தில் அது ரீடிங் ரோடு. 1921 முதல் 1926 வரை வைஸ்ராயாக இருந்த ரீடிங் பிரபுவின் பெயரில் வழங்கிய சாலை அது. அதே சாலையில்தான் 1939-இல் காந்தியடிகள் திறந்து வைத்த லட்சுமி நாராயணர் கோயில், அதாவது நாம் எல்லோரும் சொல்கிற பிர்லா மந்திர், இருக்கிறது. எல்லாச் சாதியாரும் உள்ளே போகலாம் என்று உறுதி கொடுத்தால்தான் வருவேன் என்று சொல்லி, அந்த உறுதியின் பேரில் அவர் வந்து திறந்த கோயில். பக்கத்தில் காளி பாரி. சற்றுத் தள்ளி 1946-47-இல் காந்தியடிகள் தங்கியிருந்த வால்மீகி கோயில். நம்மவர்களுக்கோ மந்திர் மார்க் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது தமிழ்ப் பள்ளிக்கூடம்தான். 1923-இல் மதராஸி கல்விச் சங்கமாகத் தொடங்கி, இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என்ற பெயரில் ஏழு பள்ளிகளாக வளர்ந்திருக்கும் நிறுவனத்தின் பள்ளி அது.

இத்தனையும் தெரிந்த நமக்கு, பிர்லா மந்திரின் பக்கச் சுவரை ஒட்டினாற்போல ஒரு புத்த விகாரமும் இருப்பது அவ்வளவாக மனதில் பதிவதில்லை. ஊரிலிருந்து வருகிற விருந்தாளிகளை லட்சுமி நாராயணர் சந்நிதிக்கு அழைத்துப் போவோம், பின்னால் உள்ள தோட்டத்தைக் காட்டுவோம், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிப்போம். விகாரம் அப்படியே நின்றுவிடும். அதற்குப் பின்னால் ஏறும் ரிட்ஜ் காட்டின் தென்மேற்கே இன்னும் கொஞ்சம் போனால் புத்த ஜயந்திப் பூங்கா. புத்தர் பரிநிர்வாணத்தின் 2500-ஆம் ஆண்டை நினைவுகூர எழுந்தது. அங்கே 1964 அக்டோபர் 25-ஆம் நாள், இலங்கையிலிருந்து வந்த போதிமரக் கன்றைப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி நட்டார். செயற்கை நீர்நிலையின் நடுவே ஒரு சிறு தீவு, அதில் பொன்பூசிய புத்தர். 1993-இல் தலாய் லாமா திறந்து வைத்தது.

தண்ணீர் நடுவே புத்தர், கரையில் அரசமரம். இதே அமைப்பை, ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமையோடு, வியட்நாம் நாட்டுத் தலைநகர் ஹனோயில் பார்க்கலாம். அங்கே உள்ள அரசமரம் இந்தியாவிலிருந்து போனது. அதைக் கொண்டுபோனவர் நம் மந்திர் மார்க்கிலிருந்து அதிக தூரமில்லாத ராஷ்டிரபதி பவனில் குடியிருந்தவர். அந்தக் கோயிலின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அந்தக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இடம் மாறிய கோயில்

ஹனோய் நகரின் வடமேற்கில் தை ஹோ என்ற பெரிய ஏரி. அந்தச் சொல்லுக்கு மேற்கு ஏரி என்று பொருள். பரப்பு சுமார் ஐந்நூறு ஹெக்டேர். ஒரு காலத்தில் செவ்வாறு ஓடிய தடம். ஆறு திசை மாறியபோது விட்டுச் சென்ற நீர்தான் ஏரி ஆயிற்று என்பார்கள். இந்த ஏரியின் கிழக்கோரத்தில், கரையோடு ஒரு சிறு பாதையால் இணைந்த தீவில் நிற்கிறது டிரான் குவோக் கோயில். ஹனோயின் மிகப் பழைய பௌத்தக் கோயில் இதுதான் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்கிறார்கள்.

ஆனால் ஒன்று. கோயில் முதலில் எழுந்தது இந்தத் தீவில் அல்ல.

கி.பி. 541-இல் லீ பி என்ற தலைவன் சீனத்து லியாங் பேரரசை எதிர்த்துக் கிளர்ந்தான். 544-இல் லீ நாம் தே என்ற பட்டத்தோடு தன்னை அரசனாக அறிவித்துக்கொண்டு, நாட்டுக்கு வான் சுவான் என்று பெயர் வைத்தான். பத்தாயிரம் வசந்தம் என்று பொருள். அவன் காலத்தில் செவ்வாற்றின் கரையில் எழுந்த கோயிலுக்குக் காய் குவோக் என்று பெயர். நாட்டைத் திறந்து வைத்தல், நாட்டைத் தொடங்குதல் என்று பொருள் கொள்ளலாம். அந்த ஆட்சி நீடிக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே சீனப்படை திரும்பி வந்தது. மன்னன் போனான், நாட்டின் பெயரும் போனது. கோயில் மட்டும் நின்றது.

பதினைந்தாம் நூற்றாண்டில் பெயர் ஆன் குவோக் ஆனது. நாட்டின் அமைதி என்று அர்த்தம். பிறகு ஆற்றங்கரை கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே வந்தது. செவ்வாறு சாதாரண ஆறு இல்லை. நம் கொள்ளிடம் வெள்ளக் காலத்தில் எப்படியோ அதைவிடப் பல மடங்கு. கரை இடிந்து கோயிலே ஆற்றோடு போகும் நிலை வந்தபோது, 1615-இல் ஊரார் கோயிலை ஏரிக்குள்ளே இருந்த தீவுத்திட்டுக்கு மாற்றிக் கட்டினார்கள். அந்தத் திட்டின் பெயர் கிம் ங்கூ, அதாவது தங்கமீன். அதே பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசன் லே ஹீ தோங் காலத்தில் டிரான் குவோக் என்ற பெயர் ஏற்பட்டது. நாட்டைக் காப்பது என்று பொருள். 1840-களில் ஹுவே நகரிலிருந்து ஆண்ட பேரரசன் தியூ சி இதை டிரான் பாக், வடக்கைக் காப்பது, என்று மாற்றினான். ஜனங்கள் அதை ஏற்கவில்லை. அரசாணை ஒரு பக்கம் இருக்க, வாய் பழகிய பெயரே நிலைத்தது. ரீடிங் ரோடு மந்திர் மார்க் ஆனபோது பழைய பெயரைச் சீக்கிரம் மறந்துவிட்ட நமக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். அந்தப் பெயரை நாம் வைக்கவில்லை, அதனால் மறந்தோம். அவர்கள் தாங்களாகவே சொல்லிப் பழகிய பெயர், அதனால் விடவில்லை.

கவனித்துப் பாருங்க. இடம் மாறிவிட்டது. கட்டடம் பலமுறை புதிதாகிவிட்டது. பெயர் நாலு முறை மாறியது. அப்படியிருந்தும் கோயிலின் வயதை 1615-இலிருந்து யாரும் எண்ணுவதில்லை. 541-இலிருந்துதான் எண்ணுகிறார்கள். அது பொய்க்கணக்கும் அல்ல. வழிபாடும் நினைவும் அறுபடாமல் வந்ததால் வயதும் கூடவே வந்துவிட்டது.

நம் நாட்டிலும் இப்படி ஒன்று உண்டு. கிருஷ்ணா நதியில் நாகார்ஜுனசாகர் அணை எழுந்தபோது பழைய பௌத்த நகரமான நாகார்ஜுனகொண்டா நீருக்குள் போக இருந்தது. தொல்லியல் துறையினர் 1954 முதல் அகழ்ந்து, முக்கியமான இடிபாடுகளைப் பெயர்த்து மேலே மலையுச்சியில் மறுபடி அமைத்தார்கள். நீர் ஏறியதும் அந்த மலையுச்சி தீவாகிவிட்டது. இன்றும் படகில்தான் போக வேண்டும். அங்கே கிடைத்த இக்ஷ்வாகு காலக் கல்வெட்டு ஒன்று, இலங்கைத் துறவிகள் அறம் பரப்பிய நாடுகளை வரிசையாகச் சொல்லும்போது காஷ்மீரம், சீனம் என்பவற்றோடு தமிள நாட்டையும் சேர்த்துச் சொல்கிறது. ஆனால் அது இன்று அருங்காட்சியகம். ஹனோயில் உள்ளது இன்றும் மணி ஒலிக்கிற, ஊதுவத்தி புகைகிற கோயில். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் பெரிய வித்தியாசம்.

உள்ளே போனால்

தில்லியிலிருந்து ஹனோய்க்கு நேரடி விமானம் வந்துவிட்ட பிறகு நம்மவர்கள் நிறையப் பேர் போய் வருகிறார்கள். பெரும்பாலோர் ஹா லாங் விரிகுடாவுக்குப் போகிற வழியில் ஹனோயில் ஒரு நாள் தங்குவார்கள். அந்த ஒரு நாளில் அரை மணி நேரமாவது இதற்கு ஒதுக்கலாம்.

தான் நியேன் சாலை என்பது இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஓடும் சாலை. ஒரு பக்கம் மேற்கு ஏரி, மறுபக்கம் சிறிய டிரூக் பாக் ஏரி. 1950-களின் இறுதியில் இளைஞர்கள் உழைத்து அகலப்படுத்தியதால் இளைஞர் சாலை என்று பெயர். அங்கிருந்து கோயில் வாயிலைக் கடந்தால் நீருக்கு நடுவே ஒரு குறுகிய பாதை. தோள், முழங்கால் தெரியாத உடை அணிந்து போவது மரியாதை. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் கூட்டம் அதிகம். நம் அமாவாசை, பௌர்ணமிக் கணக்குதான்.

முதலில் கண்ணில் படுவது செங்கல் நிறத்தில் உயர்ந்து நிற்கும் பதினொரு அடுக்குத் தூபி. பதினைந்து மீட்டர் உயரம். அடுக்குக்கு ஆறு மாடமாக அறுபத்தாறு மாடங்கள். ஒவ்வொன்றிலும் வெண்கல்லில் ஓர் அமிதாப புத்தர். கோயில் பழையது என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் இதைத்தான் ஆறாம் நூற்றாண்டுக் கோபுரம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இது 1998-இல் கட்டியது. பழையவை அதைச் சுற்றி நிற்கும் சின்னச் சின்னத் தூபிகள். கோயிலில் வாழ்ந்து மறைந்த துறவிகளின் சமாதிகள் அவை.

கோயிலின் கட்டுமானம் நமக்குப் புரியக்கூடியதுதான். முன்மண்டபம், அதன் பின்னால் ஊதுவத்தி ஏற்றும் இடைமண்டபம், அதற்கும் பின்னால் மேலான சந்நிதி. மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை என்று நாம் சொல்வது போலவே. மேலிருந்து பார்த்தால் இரண்டு படுக்கைக் கோடுகளை ஒரு நிற்கும் கோடு இணைப்பது போன்ற சீன எழுத்தின் வடிவம். உள்ளே வரிசை வரிசையாகச் சிலைகள். அவற்றில் பரிநிர்வாண நிலையில் பள்ளிகொண்டிருக்கும் பொன்பூசிய மரப் புத்தரைத் தவறாமல் பாருங்கள். ஸ்ரீரங்கத்துப் பெருமாளைச் சேவித்தவர்களுக்கு அந்தச் சயனத்தைப் பார்த்ததும் கை தானாகக் குவியும்.

முற்றத்தில் அந்த அரசமரம். அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் இந்தக் கோயிலில் ஒரு நாள் நடந்த உரையாடலைச் சொல்லியாக வேண்டும்.

ராணி கேட்ட கேள்வி

1096-ஆம் ஆண்டு. கோயில் இன்னும் ஆற்றங்கரையில்தான் இருந்தது. அப்போது நாட்டை ஆண்டவர்கள் லீ வம்சத்தார். அரசனின் தாய் ஈ லான் என்ற பெருமாட்டி, முசுக்கொட்டை இலை பறிக்கும் கிராமத்துப் பெண்ணாக இருந்து அரண்மனைக்கு வந்தவள் என்று மரபு சொல்கிறது. மகா பக்தை. பௌர்ணமி நாளில் காய் குவோக் கோயிலில் துறவிகளுக்கு அன்னம் படைத்துவிட்டு, கூடியிருந்த மூத்த துறவிகளிடம் அவள் ஒரு கேள்வி கேட்டாள். புத்தரும் குருமார்களும் யார், அவர்களில் உயர்ந்தவர் யார், இந்தச் சமயம் நம் நாட்டுக்கு எப்போது வந்தது, யார் கொண்டு வந்தார்கள்?

ஒரு துறவி எழுந்து பதில் சொன்னார். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் அவருக்குத் தோங் பியன் என்ற பட்டம் கிடைத்ததாம். எதையும் தெளிவாக எடுத்துச் சொல்பவர் என்று பொருள். பதினான்காம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட தியென் உயேன் தாப் ஆன் என்ற வியட்நாமியத் துறவியர் வரலாற்று நூலில் இந்த உரையாடல் இருக்கிறது. சாரம் இதுதான். ஒரு சீனப் பேரரசர் இந்தப் பகுதியில் புத்தருக்குத் தூபிகள் எழுப்பி அறம் பரப்ப நினைத்தார். அப்போது ஒரு சீனத் துறவியே அவரிடம், அந்த நாட்டுக்கு இந்தியாவோடு நேர்வழி உண்டு என்றாராம். யாங்சீ ஆற்றுக்குத் தெற்கே பௌத்தம் வந்து சேருவதற்கு முன்பே லூய் லாவ் என்ற ஊரில் இருபதுக்கு மேற்பட்ட தூபிகளும் ஐந்நூறுக்கு மேற்பட்ட துறவிகளும் பதினைந்து சுவடி மொழிபெயர்ப்புகளும் இருந்தன என்றும் சொன்னாராம்.

எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பல நூற்றாண்டுகள் கழித்து எழுதிய நூல் அது. ஆனால் கேள்விக்குப் பின்னால் இருந்த கவலையைப் பாருங்கள். ஆயிரம் ஆண்டு சீன ஆட்சிக்குப் பிறகு தலைதூக்கிய ஒரு நாடு, நமக்குள்ள எல்லாம் சீனம் கொடுத்ததுதானா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறது. இல்லை, நேராகக் கடல்வழி வந்ததும் உண்டு என்பதுதான் துறவி தந்த விடை.

அதற்கு இன்றும் ஒரு சாட்சி வியட்நாமியர் வாயில் இருக்கிறது. புத்தருக்கு அவர்களிடம் இரண்டு சொற்கள். கோயிலிலும் நூலிலும் வழங்குவது ஃபத். சீனத்தின் வழியாக வந்தது. பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகளில் ஏழைப் பெண்ணுக்கு உதவ வருகிற தாடி வைத்த கிழவர் பெயர் புட். இது புத்த என்ற இந்தியச் சொல்லிலிருந்து நேராக வந்தது என்பது மொழி அறிஞர்கள் கருத்து. ஏட்டில் இருப்பது ஒரு வழி, அடுப்பங்கரையில் இருப்பது இன்னொரு வழி. நம்ம வீட்டிலும் அப்படித்தானே?

தென்னாட்டுத் துறவியும் நம் ஆசையும்

இந்த லூய் லாவ், ஹனோயிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டரில் பாக் நின் பகுதியில் உள்ள பழைய ஊர். அங்கே தாவ் கோயில் என்று ஒன்று. 580-இல் வினிதருசி என்ற துறவி சீனம் வழியாக வந்து அங்கே தங்கினார், 594-இல் அங்கேயே மறைந்தார், வியட்நாமில் தியான மரபு அவரிடமிருந்து தொடங்கியது என்று மேலே சொன்ன நூல் கூறுகிறது. அவர் தென்னிந்தியப் பிராமணர் என்றும் அதே நூல் சொல்கிறது.

இங்கேதான் நம்மவர்களுக்குக் கை துறுதுறுக்கும். தென்னிந்தியர் என்றால் தமிழர், தமிழர் என்றால் காஞ்சிபுரம் என்று எழுதிவிடுவோம். கொஞ்சம் பொறுங்க. வினிதருசி வடமேற்கில் உள்ள உத்தியானத்தைச் சேர்ந்தவர் என்று கொள்கிற ஆய்வாளர்களும் உண்டு. போதிதருமரைப் பற்றியும் அப்படித்தான். மிகப் பழைய சீனக் குறிப்பு ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது. அடுத்து வந்தவை தென்னிந்திய அரசகுமாரர் என்கின்றன. காஞ்சி மரபு பின்னால் வலுப்பட்டது. மறுக்க வேண்டியதில்லை, ஆனால் சத்தியம் பண்ணவும் வேண்டியதில்லை.

இன்னோர் எடுத்துக்காட்டு. தெற்கே நியா டிராங் அருகே வோ கான் என்ற ஊரில் கிடைத்த சமஸ்கிருதக் கல்வெட்டு இன்று ஹனோய் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பழைய சமஸ்கிருதக் கல்வெட்டுகளில் ஒன்று. அதில் வரும் ஸ்ரீ மாரன் என்ற அரசன் பெயரைப் பாண்டியர் பட்டமான திருமாறனோடு பிரெஞ்சு அறிஞர் ஃபிலியோசா ஒப்பிட்டார். கவர்ச்சியான கருத்து. ஏற்றவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. நாம் அதை ஒரு கருத்தாகச் சொல்லலாம். பாண்டியன் வியட்நாமை ஆண்டான் என்று மலரில் அச்சடித்துவிட்டால், நாளைக்கு நம் பேரப்பிள்ளை படித்துவிட்டு மீதி எல்லாவற்றையும் நம்ப மாட்டான்.

மிகைப்படுத்தாமலே சொல்ல எவ்வளவோ இருக்கிறது. 1010-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில்தான் லீ வம்சத்து முதல் அரசன் தலைநகரை மாற்றி, எழும் நாகம் என்று பொருள்படும் தாங் லோங் என்று பெயரிட்டான். அதுதான் இன்றைய ஹனோய். அதே 1010-இல்தான் தஞ்சையில் ராஜராஜன் எடுப்பித்த பெரிய கோயில் நிறைவு பெற்றது. 2010-இல் ஹனோயும் தஞ்சையும் ஒரே ஆண்டில் ஆயிரமாண்டு விழாக் கொண்டாடின. அதே ராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் சூடாமணி விகாரம் எடுப்பித்தான். அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தைச் சோழன் பள்ளிச்சந்தமாக விட்டதை லெய்டன் செப்பேடு சொல்கிறது. சைவ அரசன் புத்த விகாரத்துக்கு ஊர் கொடுக்கிறான். கடல் கடந்து வந்தவர்கள் நம் கரையில் கோயில் கட்டிக்கொள்ள இடம் கொடுத்தோம் என்பது, கடல் கடந்து போய் ஆண்டோம் என்பதைவிடக் குறைந்த பெருமையா என்ன?

1959-இல் போன கன்று

இப்போது மரத்துக்கு வருவோம்.

1954 அக்டோபரில், பிரெஞ்சுக்காரர்கள் ஹனோயை விட்டுப் போன சில நாள்களுக்குள், நேரு அங்கே போனார். ஜெனீவா உடன்பாட்டின்படி அமைந்த பன்னாட்டு மேற்பார்வை ஆணையத்துக்கு இந்தியா தலைமை வகித்தது. கனடாவும் போலந்தும் மற்ற உறுப்பு நாடுகள். சென்னைக்காரரான ஜி. பார்த்தசாரதி 1950-களில் அந்த ஆணையத்தின் தலைவர் பொறுப்பை வகித்தவர்களில் ஒருவர். 1958 பிப்ரவரியில் ஹோ சி மின் தில்லிக்கு வந்தார். மறு ஆண்டு, 1959-இல், குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் ஹனோய் போனார். பீகார் மண்ணில் பிறந்தவர் என்ன கொண்டுபோவார்? புத்தகயையின் போதிமரத்துக் கன்று ஒன்றைக் கொண்டுபோய் டிரான் குவோக் கோயிலுக்குக் கொடுத்தார்.

புத்தகயையில் இன்று நிற்கும் மரமும் புத்தர் அமர்ந்த அதே மரமல்ல. பழைய மரம் 1876-இல் புயலில் சாய்ந்தது. 1881-இல் கன்னிங்ஹாம் அதன் கன்றை நட்டார். அதற்கு முன்னும் அது பட்டும் துளிர்த்தும் வந்த மரம்தான். ஆனால் அசோகன் மகள் சங்கமித்தை கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் இலங்கைக்குக் கொண்டுபோன கிளை அநுராதபுரத்தில் இன்றும் நிற்கிறது. அது கரையிறங்கிய துறையை மகாவம்சம் ஜம்புகோளம் என்கிறது. யாழ்ப்பாணத்தில் கீரிமலைக்கு அருகே உள்ள சம்பில்துறைதான் அது என்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். தில்லி ரிட்ஜில் சாஸ்திரி நட்டது இலங்கை மரத்தின் வழி வந்தது. ஆக, தாய் வீட்டில் மரம் விழுந்தாலும் மகள் வீட்டுக் கன்று திரும்பி வந்து நிற்கிறது. புலம்பெயர்ந்தவர்களுக்கு இதைவிட ஆறுதலான செய்தி இருக்க முடியுமா?

ஹனோயில் நட்ட கன்றுக்கு வாழ்க்கை சுலபமாக அமையவில்லை. நட்டுச் சில ஆண்டுகளிலேயே குண்டுவீச்சு தொடங்கிவிட்டது. 1967 அக்டோபர் 26 அன்று, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் நின்ற ஜான் மெக்கெயின், விமானம் சுடப்பட்டுப் பாராசூட்டில் விழுந்தது சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள டிரூக் பாக் ஏரியில்தான். மரத்திலிருந்து கூப்பிடு தூரம். 1972 டிசம்பரில் பதினோரு நாள் நடந்த குண்டுவீச்சில் காம் தியென் தெரு அழிந்தது, பாக் மாய் மருத்துவமனை இடிந்தது. அத்தனைக்கும் நடுவே கன்று மரமாயிற்று. இன்று போனால், தலைக்கு மேலே கிளை விரித்து, இலைகள் சலசலக்க நிற்கிறது. பக்கத்தில் இந்தியக் குடியரசுத் தலைவர் தந்தது என்ற அறிவிப்பு. நம்ம ஊர் குளக்கரைப் பிள்ளையாருக்கு நிழல் தருகிற அதே அரசமரம்தான், வேறொன்றும் இல்லை.

அந்த உறவு நின்றுவிடவில்லை. 2025 மே மாதம் சாரநாத்திலிருந்து புத்தரின் புனித எச்சங்கள் வியட்நாமுக்கு எடுத்துச் செல்லப்பட்டன. ஹனோயின் குவான் சூ கோயிலிலும் வைத்து வணங்கப்பட்டன. அந்த எச்சங்கள் முதலில் கிடைத்த இடம் எது தெரியுமா? மேலே சொன்ன நாகார்ஜுனகொண்டாதான். தீவாகிப்போன ஊரிலிருந்து தீவுக்கோயில் உள்ள ஊருக்கு.

ஹனோயில் நம்மவர்

மரம் மட்டும்தானா போனது? மனிதர்களும் போனார்கள். டிரான் குவோக்கிலிருந்து தெற்கே பழைய கடைவீதிப் பக்கம் நடந்தால் ஹாங் லுவோக் தெருவில் ஒரு மசூதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய முஸ்லிம் வணிகர்கள் கட்டியது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் துணிக்கடை வைத்தும் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்தும் அந்த நாடெங்கும் இருந்தார்கள். தெற்கே சைகோனில் நகரத்தார் வட்டிக்கடைகள். அவர்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயிலும், நகரின் நடுவே உள்ள மாரியம்மன் கோயிலும் இன்றும் உண்டு. 1975-க்குப் பிறகு நம்மவர் பெரும்பாலோர் வெளியேறினார்கள். மாரியம்மனை விட்டுப் போகவில்லை ஒருவர்: அந்த ஊர் ஜனங்கள். இன்று அங்கே ஊதுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்பவர்களில் அதிகம் பேர் வியட்நாமியர்தான்.

பதினான்கு கல்

டிரான் குவோக்கில் பயணிகள் அதிகம் நின்று பார்க்காத ஒன்று உண்டு. பதினான்கு கல்வெட்டுப் பலகைகள். 1815-இல் நட்ட கல்லில், நெடுநாள் பாழடைந்து கிடந்த கோயிலை 1813 தொடங்கி 1815 வரை திருப்பணி செய்த விவரத்தை ஃபாம் குயீ திச் என்ற பெரும்புலவர் எழுதியிருக்கிறார். அரசன் வென்றான், யானை பிடித்தான் என்ற மெய்க்கீர்த்தி அல்ல. கோயில் இடிந்து கிடந்தது, மனிதர்கள் சேர்ந்து சரிசெய்தார்கள் என்ற கணக்கு. இப்படிப்பட்ட கல்லும் ஏடும் இருப்பதால்தான், இடம் மாறிய கோயிலுக்கு அதன் வயது மிச்சமிருக்கிறது. இல்லாவிட்டால் 1615-ஆம் ஆண்டுக் கோயில் என்றோ, அந்த 1998 தூபியைப் பார்த்து நேற்றுக் கட்டியது என்றோதான் சொல்வார்கள்.

இப்போது நம் பக்கம் திரும்பிப் பார்ப்போம். சிம்லாவுக்கும் தில்லிக்கும் ஆண்டுதோறும் இடம் மாறிய அரசாங்கத்தோடு மூட்டை கட்டிக்கொண்டு வந்த குமாஸ்தாக்கள் தொடங்கி, 1946-இல் தில்லித் தமிழ்ச் சங்கம் அமைத்தவர்கள் வரை, நமக்கும் ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது. வாடகை வீட்டில் நடந்த வகுப்பு, அரசுக் குடியிருப்பு மைதானத்தில் போட்ட பந்தல், மாற்றலாகிப் போனவர் விட்டுச்சென்ற ஆர்மோனியம், சந்தா வசூலித்து வாங்கிய நிலம். எத்தனை இடமாற்றம், எத்தனை திருப்பணி! கட்டடத் திறப்பு விழாக் கல்லில் அமைச்சர் பெயர் இருக்கும். வீடு வீடாகப் போய் ரசீதுப் புத்தகம் நீட்டியவர் பெயர் எங்கே இருக்கிறது?

அந்தப் பெரியவர்களில் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். கரோல் பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் ஜனக்புரியிலும் மயூர் விஹாரிலும், மாலை வேளையில் பால்கனியில் உட்கார்ந்து, கேட்டால் சொல்லத் தயாராக இருக்கிறார்கள். ராணி ஈ லான் செய்தது அதைத்தான். சாப்பாடு போட்டாள், பக்கத்தில் உட்கார்ந்தாள், நமக்கு இது எப்போது வந்தது, யார் கொண்டு வந்தார்கள் என்று கேட்டாள். கேட்டதனால் பதில் கிடைத்தது. எழுதி வைத்ததனால் ஒன்பது நூற்றாண்டு கழித்து நாம் படிக்கிறோம்.

ஆகவே ஹனோய் போகிறவர்கள் போங்கள், தீவுக்கோயிலைப் பாருங்கள், அரசமரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். போக முடியாதவர்கள் அடுத்த முறை பிர்லா மந்திருக்கு விருந்தாளியை அழைத்துப் போகும்போது பக்கத்து விகாரத்துக்குள்ளும் ஒரு எட்டு வையுங்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். அப்பா எந்த ஆண்டு, எந்த ரயிலில், யார் கொடுத்த முகவரியை நம்பித் தில்லி வந்தார் என்று கேட்டு, தேதியோடு எழுதி வையுங்கள். சங்கத்தின் அடுத்த மலருக்கு அந்தப் பக்கங்கள் வந்தால் போதும்.